மென்பொருள் அல்ல, கணக்குதான்

சரக்கு இருப்பைக் கணக்கு வைக்கும் மென்பொருள் வாங்கினாலே கடைகள் போட்டியில் முந்தலாம் என்கிறது ஒரு கட்டுரை. பக்கத்துக் கடைக்காரரும் நாளைக்கே அதை வாங்கிவிடுவாரே! முந்தவைப்பது உள்ளே போடும் கணக்குதான். மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயியில் ஒரு மளிகைக் கடைக்கு உளுந்து கப்பலில் வருகிறது. தினம் 12 மூட்டை விற்று, சரக்கு வர 35 நாள் ஆகிறது என்று வையுங்கள்: அதற்குள் விற்பது 420 மூட்டை. கூடவே 10 நாள் முன்னெச்சரிக்கைக் கையிருப்பு 120. கிடங்கு இருப்பு, வழியில் வரும் சரக்கையும் சேர்த்து 540க்கு இறங்கியதுமே ஆர்டர் போக வேண்டும். அந்த 35ஐ ஏஜெண்ட் வாய்ச்சொல்லிலிருந்து எடுக்காதீர்கள், பழைய பில்களில் பாருங்கள். நவம்பர் முதல் மே வரை புயல் காலம், எச்சரிக்கை வந்தால் துறைமுகமே மூடிக்கிடக்கலாம். அந்த மாதங்களில் 10 நாள் கையிருப்பை 20 நாளுக்கு ஆக்குங்கள். எல்லாவற்றையும் கெடுப்பது ஒரே உளுந்தை இரண்டு பெயரில் பதிவது. இருப்பு இரண்டாகப் பிரிந்து, கிடங்கில் மூட்டை குவிந்திருக்கும்போதே கணினி 'வாங்கு' என்று கத்தும். ஒரு பொருளுக்கு ஒரே குறியீடு. வாரம் 20 பொருளையாவது கையால் எண்ணிச் சரிபாருங்கள்.