சிவித்தா பேய் ஊரும் இல்லை, ஐந்து யூரோ கொள்ளையும் இல்லை

இரண்டு நாளாக எல்லோர் சுவரிலும் அந்த ரீல்ஸ்தான். இத்தாலியில் சிவித்தா தி பான்யோரேஜோ என்ற குன்றின் மேல் இருக்கும் ஊருக்குப் போகும் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டு, "ஒரு கிராமத்துக்குள்ள நுழைய டிக்கெட்டா? எப்படிக் கொள்ளையடிக்கிறாங்க பாருங்க மக்களே" என்று ஒரு கத்தல். தலைப்பு வேறு, "இத்தாலியின் மர்மப் பேய் ஊர்". லிங்க் போடமாட்டேன். யாரென்றும் சொல்லமாட்டேன், ஏற்கெனவே வேண்டிய அளவு வியூஸ் போய்விட்டது. ஆனால் "நல்லவேளை சொன்னீங்க ப்ரோ, காசு மிச்சம்" என்று நம் நட்பு வட்டத்திலேயே இத்தனை பேர் எழுதியிருப்பதைப் பார்த்தபிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

சிவித்தா தி பான்யோரேஜோ நிற்கும் மண் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த மண்ணின் மேல் ஒரு ஊரை வைத்திருக்கச் செலவாகும். அந்தச் செலவில் உங்கள் பங்குதான் அந்த ஐந்து யூரோ நுழைவு டிக்கெட். இதையேதான் கடைசிவரை திருப்பித் திருப்பிச் சொல்லப்போகிறேன்.

ரோமிலிருந்து வடக்கே சுமார் 120 கிலோமீட்டர், வித்தெர்போ மாவட்டம். ரோமானியர்களுக்கு முன்பே இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கர்கள் சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் குடியேறிய குன்று. மேலே இருப்பது துஃபோ, அதாவது எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறை. வீடு, தேவாலயம், சதுக்கம் எல்லாம் அதன் மேல்தான். அதற்கு அடியில் இருப்பது ஒரு காலத்தில் கடலடியில் படிந்த களிமண். ஈர மாவின் மேல் அம்மிக்கல்லை வைத்தால் எப்படியோ அப்படி. மழையில் களிமண் ஊறி வீங்கும், கோடையில் சுருங்கி வெடிக்கும், அடுத்த மழையில் சேறாகி வழியும். குன்றின் இருபுறமும் ரியோ கியாரோ, ரியோ தோர்பிதோ என்று இரண்டு ஓடைகள். இரண்டும் சரிவின் அடிவாரத்தை அரித்துக்கொண்டே இருக்கின்றன. அடியில் தாங்கல் போனதும் மேலே உள்ள துஃபோவில் செங்குத்தாக விரிசல் விழும். விரிசலுக்குள் தண்ணீர் இறங்கும். ஒருநாள் அந்தப் பாளம் அப்படியே பெயர்ந்து விழும், மேலே வீடு இருந்தால் வீட்டோடு. போதாததற்குப் பல நூற்றாண்டுகளாகப் பாறைக்குள் நிலவறை, தண்ணீர்த் தொட்டி, ஒயின் அறை என்று குடைந்து வைத்திருக்கிறார்கள். அதனால் ஓரங்கள் இன்னும் பலவீனம்.

இதில் பேய் எங்கே வந்தது?

ரீல்ஸில் "பேய் பங்களா" என்று ஜூம் செய்து காட்டுகிறாரே, ஜன்னல் வழியே வானம் தெரியும் அந்தச் சுவர். மறுமலர்ச்சிக் கால மாளிகை ஒன்றின் முகப்பு அது. மாளிகையின் மீதிப் பகுதி பள்ளத்தில் விழுந்துவிட்டது. நுழைவாயிலான போர்த்தா சாந்தா மரியாவுக்கு மேல் மனிதத் தலையைப் பிடித்திருக்கும் கல் சிங்கங்களை "மாந்திரீகக் குறி" என்கிறார். பக்கத்து நகரமான ஓர்வியேத்தோவின் மொனால்தெஸ்கி குடும்பத்தை ஊர்க்காரர்கள் தோற்கடித்ததன் நினைவாக வைத்தவை அவை. ஊரே பெருமைப்படும் வெற்றிச் சின்னத்தை மாந்திரீகமாக்கிவிட்டு, கீழே "ஃபாலோ பண்ணுங்க"!

ஊர் ஏன் காலியானது? அதிலும் மர்மம் கிடையாது. 1695 ஜூனில் பெரிய நிலநடுக்கம். நிர்வாகமும் ஆயரின் இருக்கையும் எதிர்மேட்டில் இருக்கும் பான்யோரேஜோவுக்குப் போயின. அதிகாரம் போன பக்கம் ஜனமும் போனது. பிரான்சிஸ்கன் துறவற சபையின் பெரிய இறையியலாளர் புனித பொனவெந்தூரா இந்த மண்ணில் பிறந்தவர். அவர் வாழ்ந்ததாகச் சொல்லும் வீடும் எப்போதோ சரிவில் போய்விட்டது. இரண்டு மேடுகளையும் இணைத்த நில இணைப்பு அரித்துப் போக, பாலம் கட்டினார்கள். அதை 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை தகர்த்தது. இப்போது ரீல்ஸ்காரர் நின்று கத்திய கான்கிரீட் பாலம் 1965இல் வந்தது. சுமார் 300 மீட்டர், நடந்துதான் போகவேண்டும். அந்தப் பாலம் இல்லையென்றால் ரீல்ஸும் இல்லை.

சரி, டிக்கெட். 2013இல் ஒன்றரை யூரோவில் ஆரம்பித்தார்கள், இப்போது ஐந்து. இத்தாலியில் நுழைவுக்கட்டணம் வைத்த முதல் ஊர் இதுதான். அப்போது சிரித்தவர்கள் உண்டு. 2024 ஏப்ரலில் வெனிஸ் பகல்நேரப் பயணிகளுக்கு அதே ஐந்து யூரோவைப் போட்டபோது யாரும் சிரிக்கவில்லை. பான்யோரேஜோவும் சிவித்தாவும் சேர்ந்து மொத்தமாக மூவாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கும் நகராட்சி. அதற்குள் வருடத்துக்கு எட்டு லட்சத்துக்கும் மேல் பார்வையாளர்கள் வந்துபோன காலம் உண்டு. குப்பை, கழிவறை, பாலப் பராமரிப்பு, உடைந்த படிக்கட்டு, பெயர்ந்த கல்தளம், இதையெல்லாம் யார் தலையில் கட்டுவது? சிவித்தாவுக்குள் நிரந்தரமாக வாழும் பத்துப் பன்னிரண்டு பேர் தலையிலா?

உடனே ஒருவர் வருவார்: "ஐந்து யூரோவால் மலை நிற்குமா?" நிற்காது. பாறையைத் துளைத்து இரும்புக் கம்பி செருகி, சிமெண்ட் பால் ஏற்றிப் பிணைப்பது, மழைநீரைக் களிமண்ணுக்குள் விடாமல் வடிகாலில் இழுப்பது எல்லாம் பெரிய பொறியியல் வேலை, அரசு நிதி இல்லாமல் நடக்காது. டிக்கெட் காசில் பாதியாவது மலைக்குப் போகிறது என்று நான் சொல்லவே இல்லை. ஊருக்குப் போகிறது. ஊரைக் கவனிக்க ஆள் இல்லாவிட்டால், மலையை நிறுத்தி என்ன பிரயோசனம்?

இன்னொருவர்: "சுற்றுலாதானே ஊரைக் கெடுக்குது, இவங்களே கூட்டத்தைக் கூப்பிட்டுட்டு..." இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நிறைய வீடுகள் வார இறுதிக்கு வந்துபோகிறவர்கள் கையில். மற்றதில் பாதி புருஸ்கெத்தா (சுட்ட ரொட்டி) கடை, தங்கும் அறை. அதற்கு என்னிடம் பதில் இல்லை, இருப்பதாக நடிக்கவும் போவதில்லை. ஆனால் இதைச் சொல்பவர் அடுத்த வரியிலேயே "டிக்கெட்டை எடுத்தால் நாங்களும் வருவோம்" என்று எழுதுகிறார் பாருங்கள், அங்கேதான் எரிகிறது.

"பத்துப் பேருக்காக ஒரு ஊரையா காப்பாத்தணும்?" என்று கேட்டவரைப் பிளாக் செய்துவிட்டேன். ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் செப்டம்பரிலும், சான் தொனாத்தோ சதுக்கத்தில் கழுதைப் பந்தயம் நடக்கும், தோன்னா என்பார்கள். அன்றைக்கு அந்தச் சதுக்கத்தில் நின்று கேட்டுப் பாருங்கள் அதே கேள்வியை. "செத்துக்கொண்டிருக்கும் ஊர்" என்று அந்த மண்ணின் எழுத்தாளர் ஒருவரே எழுதினார்தான். பெற்றவர் வைத்த பட்டப்பெயரைத் தெருவில் போகிறவர் கத்துவது வேறு.

ரீல்ஸ்காரரின் உண்மையான கஷ்டம் டிக்கெட்டே இல்லை என்பது வீடியோவின் கடைசி நிமிடத்தில் தெரிகிறது. டிராலிப் பெட்டியோடு, நண்பகலில், ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறார். பாலத்தில் நிழலே கிடையாது, கடைசிப் பகுதி நல்ல ஏற்றம், சக்கரப் பெட்டி அங்கே சுமைதான். ஓர்வியேத்தோவிலிருந்து பான்யோரேஜோவுக்கு வரும் பேருந்து ஞாயிற்றுக்கிழமை ஓடாது. அதனால் டாக்சிக்கு அழுதிருக்கிறார், அந்த எரிச்சல் டிக்கெட் கொடுத்த பெண் மேல் இறங்கியிருக்கிறது.

போகிறவர்கள் வாரநாளில் போங்கள். பெட்டியை ஓர்வியேத்தோவிலேயே விட்டுவிடுங்கள். பேருந்து டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே புகையிலைக் கடையில் வாங்கி, திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று அங்கேயே கேட்டு வையுங்கள். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து பாலம் வரை நடையே சுமார் அரை மணி ஆகும், தண்ணீரும் பிடிமானமான செருப்பும் வேண்டும். காலை பத்துக்குள் பாலம் ஏறினால் கூட்டம் குறைவு. உள்ளே போனதும் செல்ஃபிக்கு முன் அலெமான்னி மாளிகையில் இருக்கும் நிலவியல், மண்சரிவு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். எந்தப் பக்கம் எப்படிச் சரிந்தது, எதைக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள் என்று அங்கே காட்டுகிறார்கள். ரீல்ஸ்காரர் அதன் வாசலில் நின்று போட்டோ எடுத்திருக்கிறார். உள்ளே போனாரா என்று கமெண்டில் கேட்டேன், இதுவரை பதில் இல்லை.