கார்த்தி அமெரிக்காவிலிருந்து வந்ததும் நேராக நாயகன் ஆகவில்லை

‘கார்த்தி அமெரிக்காவில் படிப்பை முடித்தார், ஊர் திரும்பியதும் நேராக பருத்திவீரன் நாயகன் ஆகிவிட்டார், அதற்கு முன் கேமரா பக்கமே போனதில்லை’ என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அப்பா சிவகுமார், அண்ணன் சூர்யா. சினிமாக் குடும்பம்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. சென்னையில் பொறியியல் படித்தார், நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்தார். இதுவரை சரி.

ஆனால் திரும்பி வந்தவர் முதலில் சேர்ந்தது மணிரத்னத்திடம், உதவி இயக்குநராக. 2004-ல் வந்த ‘ஆய்த எழுத்து’ படத்தில் அவர் வேலை பார்த்தார். அதே படத்தில் சூர்யாவின் நண்பர்களில் ஒருவராகச் சின்ன வேடத்தில் தலைகாட்டவும் செய்தார். உதவி இயக்குநர் வேலை என்றால் காட்சித் தொடர்ச்சியைக் கவனிப்பது, வசனம் சொல்லிக்கொடுப்பது, கூட்டத்தைச் சமாளிப்பது என்று நாள் முழுக்க நிற்கும் வேலை. அந்தப் படத்தின் நாயகர்களில் ஒருவரான சித்தார்த்தும் மணிரத்னத்திடம் உதவியாளராக இருந்தவர்தான்.

அமீர் இயக்கிய ‘பருத்திவீரன்’ வெளியானது 2007 பிப்ரவரியில். நாயகனாக அதுதான் முதல் படம், திரையில் தோன்றிய முதல் படம் அல்ல.

அப்புறம், அடுத்தடுத்து படங்கள் குவிந்தன என்பதும் பொய். அடுத்த படமான ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2010 பொங்கலுக்குத்தான் வந்தது. கிட்டத்தட்ட மூன்று வருட இடைவெளி! குடும்பப் பெயர் கதவைத் திறந்திருக்கலாம். அதற்காக அவர் பார்த்த வேலையை அழித்துவிட்டுக் கதை சொல்வது நியாயமே இல்லை.