மெமரி.கரண்ட் ஏறினால் லீக்கா?

லினக்ஸ் கர்னல் சிகுரூப் (cgroup, புரோசஸ்களின் குழு) வாரியாக மெமரியைக் கணக்கிடுவது பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால் ‘மெமரி.கரண்ட் ஏறிக்கொண்டே போனால் அது லீக்’ (விடுவிக்கப்படாமல் சேரும் மெமரி) என்ற வரியோடு ஒத்துப்போக முடியவில்லை. ஒரு சிகுரூப் இப்போது பிடித்திருக்கும் மொத்த மெமரியைக் காட்டும் அந்த எண்ணில் பேஜ் கேஷும் (ஃபைல்களைக் கர்னல் மெமரியில் வைத்திருக்கும் நகல்) சேர்ந்தே வரும். கன்டெய்னருக்குள் (தனக்கென ஒரு சிகுரூப்போடு தனித்து ஓடும் புரோகிராம்) ஒரு பெரிய லாக் ஃபைலைப் படித்தாலே எண் எகிறும். மெமரி நெருக்கடி வந்தால் கர்னல் அந்தக் கேஷைத் தானாகவே விடுவித்துக்கொள்ளும். எங்கள் சர்வரில் இரவு பேக்கப் ஓடும்போதெல்லாம் அலாரம் அடித்து, இல்லாத லீக்கை இரண்டு நாள் தேடியிருக்கிறேன். வகைவாரிக் கணக்கான மெமரி.ஸ்டாட்டில் அனான் (புரோகிராம் தானே எடுத்த மெமரி), ஃபைல் (பேஜ் கேஷ்) இரண்டையும் தனித்தனியாகப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை! டிஎம்பிஎஃப்எஸ்ஸில் (மெமரியிலேயே இருக்கும் ஃபைல் சிஸ்டம்) எழுதியது மட்டும் விதிவிலக்கு. அது ஃபைல் கணக்கில் தெரியும், ஆனால் ஸ்வாப் (மெமரியிலிருந்து வெளியேற்றியதை வைக்கும் இடம்) இல்லையென்றால் நகராது.

அப்புறம், இரண்டு சிகுரூப்கள் ஒரே ஃபைலைப் படித்தால் அந்த மெமரிப் பக்கங்கள் அவற்றை முதலில் தொட்ட சிகுரூப்பின் கணக்கில்தான் ஏறும். ஓட்டலில் முதலில் உட்கார்ந்தவர் தலையில் பில்லைக் கட்டுவது மாதிரி. அதனால் ஒரே இமேஜில் (ஒரே ஃபைல் தொகுப்பில்) ஓடும் இரண்டு கன்டெய்னர்களில் ஒன்று மட்டும் ‘கொழுத்து’த் தெரிவதில் ஆச்சரியமில்லை.

இந்த மெமரிக் கணக்கு, கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரோடு வந்த வசதி என்று நீங்கள் சொல்வதும் சரியல்ல. இதைச் செய்யும் மெமரி கன்ட்ரோலர் 2008இல் 2.6.25 கர்னலிலேயே வந்துவிட்டது. டாக்கர் வெளியானது 2013இல். அடுத்த பகுதியில் மெமரி.ஹை பற்றி எழுதுங்கள். புரோசஸைக் கொல்லாமல் வேகத்தைக் குறைக்கும் அந்த எல்லையை எங்கள் டீமில் யாரும் தொடுவதே இல்லை, எல்லோரும் நேராக மெமரி.மேக்ஸ் என்ற கடைசி எல்லைக்குத்தான் போகிறார்கள்.