மிளகாய்த்தூள் போடும் முன் பிள்ளையின் பங்கு

வேலைக்குப் போகும் அம்மாமாருக்குப் பத்து நிமிடச் சமையல் என்று வீடியோ வீடியோவாக வந்து குவிகிறது. திறந்து பார்த்தால் சீஸ், ஒலிவ் எண்ணெய், புரொக்கோலி. மட்டக்களப்புப் பக்கம் எங்கள் களுவாஞ்சிக்குடிச் சந்தையில் புரொக்கோலிக்கு நான் எங்கே போவேன்? அதோடு சமைக்கப் பத்து நிமிடம் என்றால் பாத்திரம் கழுவ அரை மணித்தியாலம், அதை ஒருத்தரும் காட்டுவதில்லை.

என்னைக் கேட்டால் நம்மைக் களைக்க வைப்பது சமையல் இல்லை, இரட்டைச் சமையல். பெரியவர்களுக்கு உறைப்பாக ஒரு சட்டி, பிள்ளைக்கு உறைப்பில்லாமல் வேறு ஒரு சட்டி. அந்த இரண்டாவது சட்டியை அடுப்பில் ஏற்றாதீர்கள். எல்லாவற்றையும் உறைப்பில்லாமலே தொடங்கி, மிளகாய்த்தூள் போடும் முன் பிள்ளையின் பங்கை எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் உங்கள் இஷ்டத்துக்குக் கொட்டுங்கள். ஒரு வயது ஆகாத பிள்ளை என்றால் உப்புப் போடுவதற்கும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

மைசூர்ப் பருப்பை ஊறப்போடத் தேவையில்லை. வெங்காயம், உள்ளி, மஞ்சள் போட்டு அவியவிட்டால் நீங்கள் பிள்ளையைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் வெந்துவிடும். தேங்காய்ப்பால் விட்டு இறக்கப் போகும் நேரத்தில் ஒரு கைப்பிடி முருங்கையிலை. பிள்ளைக்கு எடுத்த பிறகு மீதிக்குச் செத்தல் மிளகாயும் கடுகும் தாளித்துக் கொட்டினால் அது பெரியவர்களின் கறி. சொதியும் அப்படித்தான். பச்சை மிளகாயை வெட்டாமல் முழுசாகப் போட்டால் பிறகு தூக்கி எறியலாம். வெந்தயம், கறிவேப்பிலையோடு இரண்டாம் பாலில் உருளைக்கிழங்கை அவித்து, முதற்பால் விட்டதும் திரையாமல் இருக்க இரண்டு தரம் துழாவி இறக்கி, சூடு கொஞ்சம் ஆறியதும் தேசிக்காய் பிழிந்தால் முடிந்தது. அவித்த முட்டை ஒன்றை அதற்குள் போட்டால் பிள்ளைக்கு வேறு கறியே வேண்டாம்.

இடியப்பத்தை வாங்குங்கள். பின்னேரம் ஆனால் ஒழுங்கைக்கு ஒரு வீட்டில் அவித்து விற்கிறார்கள், அந்த வீட்டுப் பெண்ணுக்கும் அதுதான் வருமானம். “கடை இடியப்பமா பிள்ளைக்குக் குடுக்கிறாய்?” என்று கேட்கும் மாமிமாருக்கு நான் ஒன்றும் சொல்வதில்லை, சொதியை மட்டும் ஊற்றிக் கொடுப்பேன், சாப்பிட்டுவிட்டு வாய் மூடிவிடும்.

தேங்காய்தான் பெரிய தலையிடி. ஆண்கள் படிக்கிறீர்கள்தானே? திருவலையில் இருக்க ஆண்பிள்ளைக்கு இடுப்பு வளையாது என்று யார் சொன்னது தெரியவில்லை. ஞாயிறு காலையில் நாலு தேங்காயைத் துருவி, ஒரு நேரத்துக்கு ஒரு பையாகக் கட்டி ஃபிரீசரில் போட்டுக் கொடுங்கள், அந்தக் கிழமை முழுக்க வீட்டில் சண்டை குறையும். ஃபிரீசர் இல்லாத வீட்டில் தேங்காயைச் சொட்டாக வெட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரோடு பிளெண்டரில் அடித்துப் பிழிந்தாலும் பால் வரும்.

இரவு மிஞ்சிய பிட்டை எறியவே வேண்டாம். மூடி ஃபிரிட்ஜில் வைத்து, விடிய வெங்காயம், கரட், முட்டையோடு நன்றாகச் சூடேறப் பிரட்டினால் ஏழரைப் பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாட்டுப் பெட்டி ரெடி. பிரிட்ஜ் இல்லாவிட்டால் எங்கள் ஊர் வெக்கைக்கு அதை நம்ப முடியாது. மீனுக்கு முள்தான் பயம், அதனால் பிள்ளைக்கும் சேர்த்துச் சமைக்கும் நாட்களில் சூரை, பாரை மாதிரிச் சதை மீனாக வாங்கிச் சதையை விரலால் உதிர்த்துப் பார்த்துத்தான் கொடுப்பேன். கீரி மீனைப் பெரியவர்கள் தின்னட்டும்.

நூடில்ஸ் பற்றிக் கேட்பீர்கள். எங்கள் வீட்டிலும் பக்கெட் இருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது. உள்ளே வரும் தூளில் பாதியைத்தான் போடுவது, ஒரு முட்டையும் ஒரு பிடி கீரையும் கூட விழும், அன்றைக்கு அவ்வளவுதான் சமையல்.