கடைசி நொடியில் ஜோர்டான் பந்தைத் தராதவரா?

நெருக்கடியான நேரத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் சக வீரர்களை நம்பியதே இல்லை என்றும், சிகாகோ புல்ஸ் அணியின் ஆறு பட்டங்களும் அவர் தனியாளாகப் பெற்றுத்தந்தவை என்றும் சிலர் சொல்வது சரியன்று. 1998 இறுதித் தொடரில் அவரே போட்ட கடைசிக் கூடை பலருடைய நினைவில் நிற்பதால் இப்படித் தோன்றுகிறது போலும். ஆனால் 1997 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், யூட்டா ஜாஸுடன் 86-86 எனச் சமநிலையில் இருந்தபோது, எதிரணியின் ஜான் ஸ்டாக்டன் தன்னை மறிக்க ஓடிவருவார் என்று டைம் அவுட்டிலேயே (ஆட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தும் இடைவேளை) கணித்து, சக வீரர் ஸ்டீவ் கெர்ரைத் தயாராக இருக்கும்படி ஜோர்டான் சொன்னது ஒளிப்பதிவிலேயே இருக்கிறது. அவர் சொன்னபடியே ஸ்டாக்டன் வந்தார், பந்து கெர்ரின் கைக்குப் போனது, ஐந்து விநாடிகள் மீதமிருக்கையில் கூடைக்குள் விழுந்தது. 1993 இறுதித் தொடரில் ஃபீனிக்ஸ் சன்ஸுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் புல்ஸ் எடுத்த 12 புள்ளிகளில் முதல் ஒன்பதும் ஜோர்டானுடையவை என்பது உண்மையே, ஆனால் 99-98 என வெற்றியைத் தந்த கடைசி மூன்று புள்ளிகள், ஜோர்டானிடமிருந்து சக வீரர்கள் பிப்பென், ஹொரஸ் கிராண்ட் வழியாகப் பந்தைப் பெற்ற ஜான் பேக்ஸனுடையவை.