மரங்களை அழித்துவிட்டு அதைப் பிஸாரோ என்கிறீர்களா?

அந்தப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சு ஓவியர் கமில் பிஸாரோவின் 'சிவப்புக் கூரைகள்' ஓவியத்தை ஒருவர் ஏதோ ஒரு ஆப்பில் போட்டு, முன்னால் நிற்கும் மரங்களை எல்லாம் அழித்துவிட்டு, "இப்போதுதான் வீடு பளிச்சென்று தெரிகிறது" என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாக ஆமாம் போட்டிருந்தார்கள். இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

அந்த மரங்கள்தான் ஐயா ஓவியமே. 1877-ல் பாரிஸ் பக்கத்து ஊரான பொந்த்வாஸில் வரைந்தது. குளிர்காலம், இலை உதிர்ந்த மரங்கள். கிளைகளின் சந்துகளில்தான் ஓட்டுச் சிவப்பு துண்டுதுண்டாகத் தெரியும். அதே சிவப்பு தரையிலும் அங்கங்கே கிடக்கும். கண் வீட்டுக்குப் போகும், கிளை தடுக்கும், சுற்றிக்கொண்டு மறுபடி போகும். மரங்களை எடுத்துவிட்டால் அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

"மூல ஓவியம் பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் பத்திரமாகத்தானே இருக்கிறது" என்பீர்கள். இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்க்கப் போகிறோம்? நமக்குக் கிடைப்பது போனில் வரும் படம்தான்.

"நீ என்ன பெரிய விமர்சகரா?" இல்லை. ஆறாம் வகுப்பில் எங்கள் வீட்டை வரைந்தேன். வாசலில் வேப்பமரம், தெருவில் நின்றால் பாதி வீடுதான் தெரியும். அப்படியே வரைந்தேன். வாத்தியார் மரத்தின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டு, "வீட்டை மறைக்காதே, மரத்தை ஓரமா வை" என்றார். எங்கள் வீடு அப்படித்தான் சார் இருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு நான் வரைந்த எல்லா வீட்டுக்கும் மரம் ஓரத்தில்தான். முப்பது வயதுக்கு மேல் ஒரு பழைய புத்தகத்தில் இந்த ஓவியத்தைப் பார்த்து அழுதிருக்கிறேன்.

"பிஸாரோவே கண்ணால் கண்டதை மாற்றித்தானே வரைந்திருப்பார்?" மாற்றியிருக்கலாம். அது அவர் கை.

அப்புறம், அந்த மனிதர் பட்டது கொஞ்சமா? 1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் (இன்றைய ஜெர்மனிப் பக்கம்) போர் வந்து, பாரிஸ் பக்கத்து லூவ்சியென் ஊரிலிருந்த வீட்டை விட்டுக் குடும்பத்தோடு லண்டனுக்குப் போனார். வீட்டில் பிரஷ்யப் படையினர் தங்கினார்கள். திரும்பி வந்தபோது அதுவரை வரைந்ததில் பெரும்பகுதி அழிந்திருந்தது. மறுபடி ஆரம்பித்தார். 1874 முதல் 1886 வரை இம்ப்ரஷனிஸ்ட் என்ற ஓவியர் குழு நடத்திய எட்டுக் கண்காட்சிகளிலும் ஒன்று விடாமல் படம் வைத்தவர் அவர் ஒருவர்தான். படங்கள் சரியாக விலைபோகாத காலத்தில் வரைந்தது இது. அதில் ஒவ்வொரு கிளையும் அவர் வேண்டும் என்று வைத்தது.

பதிவு போட்டவரே, அதை நீக்கச் சொல்லவில்லை. படத்தின் கீழே இன்னும் அவர் பெயரைப் போட்டு வைத்திருக்கிறீர்கள். அதையாவது எடுத்துவிடுங்கள்.