மின் ஒழுங்குமுறை ஆணையங்களை எவரும் கேள்வி கேட்க முடியாதா? உண்மை விளக்கம்

“மின் சந்தையைத் தாராளமயமாக்கிய நாடுகளில் ஒழுங்குமுறை ஆணையங்கள் அரசின் பிடியிலிருந்து விலகிவிட்டன, ஆகவே கட்டணத்தை அவை தம் விருப்பம்போல் நிர்ணயிக்கலாம், எவரும் கேள்வி கேட்க முடியாது” என்றொரு செய்தி பகிரப்பட்டு வருகிறது. இது தவறு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/944 எண் கொண்ட மின்சந்தைச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒழுங்குமுறைப் பணியில் ஆணையம் அரசிடமிருந்தோ மின் நிறுவனங்களிடமிருந்தோ நேரடி அறிவுறுத்தல் பெறக் கூடாது என்று அதன் 57ஆம் பிரிவு கூறுகிறது. அதே சட்டம், ஆணையத்தின் முடிவுகளுக்கு முழுமையான காரணங்களை எழுதி, வணிக இரகசியங்கள் நீங்கலாக அவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும், பாதிக்கப்பட்ட தரப்பு, அரசையோ சம்பந்தப்பட்ட தரப்புகளையோ சாராத சுதந்திரமான அமைப்பொன்றில் மேல்முறையீடு செய்யலாம் என்றும் விதிக்கிறது. காரணம் கூறாத கட்டண ஆணையை நீதிமன்றம் முறையாக ஆராய இயலாது என்பதால், இதை வெறும் சம்பிரதாயமாகக் கருதுவது பெரும் பிழை.

ஜெர்மனியில் மின் வலையமைப்புக் கட்டணத்தை, அதாவது மின்தடங்களைப் பயன்படுத்துவதற்கான கட்டணத்தை, கணக்கிடும் முறைகளை அரசே விதிகளின் மூலம் வகுத்துவந்தது. ஆணையத்தைச் சுதந்திரமாக விடுவது மக்களாட்சிக்கு முரணாகும் என்ற அந்நாட்டின் வாதத்தை 2021 செப்டம்பர் 2 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆணையம் சட்டத்துக்கும் நீதிமன்ற மறுஆய்வுக்கும் கட்டுப்பட்டது என்பதையும், நாடாளுமன்றத்தின் செல்வாக்கிலிருந்து அது முற்றாக விலக்கப்படவில்லை என்பதையும் அத்தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

நியாயமாகக் கவலைப்பட வேண்டிய இடம் வேறு: வணிக இரகசியம் என்ற பெயரில் செலவுக் கணக்குகள் அளவுக்கு மீறி மறைக்கப்பட்டால், மேல்முறையீட்டு உரிமை இருந்தும் நுகர்வோரால் அதைப் பயன்படுத்த முடியாது.